தாமிரபரணியின் மழைக்கணக்கை ஒரே பட்டியலில் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாத்தான்குளம் வட்டாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், பெரும்பாலும் கடைசிப் பத்தியின் அடியில், பொடி எழுத்தில் வரும் 'மழை அளவு' பட்டியலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அந்த நாலு வரியைப் படிப்பவர்கள் விவசாயிகளும் என்னைப் போன்ற சிலரும் மட்டுமே என்று நீங்கள் நினைத்திருக்கலாம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல புவியியல் பாடம் அச்சில் வருவதில்லை என்பது என் அனுபவம். அதைச் சற்று மாற்றி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

என் பேத்தி ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். சென்ற வாரம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வானிலைக்கும் காலநிலைக்கும் வேறுபாடு கேட்டேன், தட்டாமல் ஒப்பித்தாள். பசுமைமாறாக் காடுகள் எங்கே இருக்கின்றன என்றேன். "அமேசான் வடிநிலம், காங்கோ வடிநிலம்" என்றாள். விடை சரிதான். "நமக்குப் பக்கத்தில் எங்கே இருக்கின்றன?" என்று கேட்டதும் விழித்தாள். முந்தின இரவு மழை பெய்து வானம் கழுவிவிட்டாற்போல் இருந்த காலை அது. மாடிக்கு அழைத்துப்போய் மேற்கே கை காட்டினேன். மலைத்தொடர் நீலக்கோடாகத் தெரிந்தது. "அங்கேயா, ஆச்சி?" என்று இரண்டு முறை கேட்டாள். மழைக்காடு என்பது கடல் தாண்டி, விமானம் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று என்றே அந்தப் பெண் இதுவரை நினைத்திருக்கிறாள். அவள் மீது தவறில்லை. நாங்கள் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

நான் பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம், வாழ்க்கைப்பட்டது செம்மணல் மேடுகளான தேரிக்காட்டுப் பக்கம். பாபநாசத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையே பஸ்ஸில் எத்தனை முறை போய்வந்திருப்பேன் என்று கணக்கில்லை. திருநெல்வேலியில் இறங்கி மாறினால் மொத்தம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்த ஜன்னல் ஓரம்தான் எனக்குப் புவியியல் கற்றுக்கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

மேற்கே பொதிகை மலையின் உச்சியில் மழைக்காடு. காக்காச்சிப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தென்மேற்குப் பருவத்திலும் பெய்கிறது, வடகிழக்கிலும் பெய்கிறது. ஈரம் காயவே நேரம் இல்லை. அங்கே வெடிப்பலா மரம் உண்டு. அதன் முள் நிறைந்த காயைப் பிளந்து தின்னும் சிங்கவால் குரங்கும் உண்டு. கொஞ்சம் இறங்கி முண்டந்துறைக்கு வந்தால் மாசி, பங்குனியில் இலை உதிர்த்து நிற்கும் காடு. பாபநாசம் தாண்டியதும் தாமிரபரணி ஆற்றங்கரை, நெல்லும் வாழையும். சமவெளியில் ஆற்றுப்பாசனத்தை விட்டு ஒரு மைல் விலகினால் போதும், குடை விரித்தாற்போன்ற உடைமரங்கள், முட்புதர்கள். திருச்செந்தூர் சாலையில் குரும்பூர் வரை வாழைத்தோட்டம் கூடவே வரும். ஆறுமுகனேரியில் திடீரென்று வெள்ளை வெளேரென்று உப்பளம். அங்கிருந்து தெற்கே திரும்பினால் செக்கச் சிவந்த தேரி மணல், பனை, முந்திரி. ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில் சேற்றிலிருந்து மூச்சு வேர்களை நீட்டிக்கொண்டு நிற்கும் அலையாத்தி மரங்கள். பாடநூலில் இயற்கைத் தாவரம் என்ற தலைப்பில் வரும் வகைகளில் பெரும்பாலானவை ஒரு பகல் பஸ் பயணத்துக்குள் இருக்கின்றன. நம் முன்னோர் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பிரித்ததை நான் வகுப்பில் விளக்கியதே இல்லை. பஸ் டிக்கெட்டைத்தான் காட்டுவேன்.

ஆனால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்விக்கு விடை அவ்வளவு எளிதல்ல. "டீச்சர், இந்தியாவுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றுதான் அதிக மழை தருகிறது என்று புத்தகத்தில் இருக்கிறது. ஜூன் மாதம் நமக்கு எங்கே மழை?" ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்கும். கேட்காத வகுப்பைப் பார்த்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும். நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வது உண்மை. எங்கள் ஊரில் அந்த நான்கு மாதமும் காற்றும் புழுதியும்தான். துணி காயப்போட்டால் எடுக்கும்போது செம்மண் நிறத்தில் இருக்கும்.

அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மலையில் மோதி மேலேறுகிறது. மேலே போகப் போகக் குளிர்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறைகிறது. ஈரம் மேகமாகி, மழையாகி அந்தப் பக்கத்திலும் உச்சியிலும் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மிச்சம் சாரலாகக் குற்றாலத்தையும் அம்பாசமுத்திரத்தையும் தொடும். அதன் பிறகு இறங்கி வருவது வெறும் வறண்ட காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும்போது அதற்கு வேகம் கூடிவிடும். முப்பந்தலில் காற்றாலைகளை நட்டிருப்பதே அதனால்தான். நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண்ணை அள்ளி வந்து தேரியைக் குவித்ததும் இந்தக் காற்றுதான் என்று புவியியலார் விளக்குகிறார்கள். இதே காற்றும் வெயிலும்தான் ஆறுமுகனேரியிலும் தூத்துக்குடியிலும் உப்பு விளைவிக்கின்றன. கேரளத்தில் குடையை மடக்க முடியாத மாதங்களில், மலைக்கு இந்தப் பக்கம் உப்பளத்தில் வாரிக் குவிக்கிறார்கள். 'மழை மறைவுப் பிரதேசம்' என்ற சொல்லை மனப்பாடம் செய்த பிள்ளை மறந்துவிடும். உப்புக் குவியலைப் பார்த்த பிள்ளை மறக்காது.

எங்கள் மழை ஐப்பசியில்தான் வருகிறது. காற்று திசை மாறி வங்கக்கடலிலிருந்து வீசும் காலம் அது. ஆற்றங்கரை விவசாயிகளுக்கு இந்த இரண்டு பருவமும் சாகுபடியின் பெயர்களாகவே இருக்கின்றன: கார், பிசானம். மேலே மலையில் தென்மேற்கு மழை பெய்தால் கார் நடவு. வடகிழக்கு மழையை நம்பிப் பிசானம். எங்கள் ஊரில் ஒரு சொட்டு விழாத ஜூன் மாதத்திலும் ஸ்ரீவைகுண்டம் வாய்க்காலில் தண்ணீர் வருவது எப்படி என்பதற்கும் விடை இதுதான். பாபநாசம் அணையின் நீர்மட்டம் 143 அடியில் எத்தனை என்று டீக்கடையில் பெரியவர்கள் செய்தித்தாளில் முதலில் தேடுவதும் இதனால்தான்.

இப்போது மழைமானிக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் முறையான மழைமானி கிடையாது. தாலுகா அலுவலகத்தில் இருந்ததை ஒரு முறை பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டினேன். காலை 8.30 மணிக்குத்தான் அளப்பார்கள். ஆகவே 18ஆம் தேதி என்று பட்டியலில் வரும் மழை பெரும்பாலும் 17ஆம் தேதி பெய்தது. இது தெரியாமல் பெரியவர்களே குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்து, தண்ணீர்ப் பாட்டில்களை வெட்டி நாங்களே செய்துகொண்டோம். அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்கும் என்பதால் கொஞ்சம் சிமெண்ட் குழைத்து ஊற்றிச் சமப்படுத்தினோம். வெட்டிய மேல்பாதியைக் கவிழ்த்து வைத்தால் புனல். பக்கத்தில் ஸ்கேலை ஒட்டினால் மழைமானி. மரத்தடியிலோ சுவரோரத்திலோ வைக்கக் கூடாது. திறந்தவெளியில் வைக்க வேண்டும்.

ஓர் ஐப்பசியில் நடந்தது இன்னும் கண்முன் நிற்கிறது. வகுப்பில் எல்லோரும் பத்து, பதினொன்று மில்லிமீட்டர் என்று சொல்ல, ஒரு பையன் மட்டும் நாற்பது என்றான். மற்றவர்கள் அவன் பொய் சொல்வதாகச் சத்தம் போட்டார்கள். அவன் கண் கலங்கிவிட்டான். அவனுடைய மானியைக் கொண்டுவரச் சொன்னேன். வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றும் பெரிய புனலைக் கொண்டுவந்து ஒல்லியான பாட்டிலில் பொருத்தியிருந்தான். புனலின் வாய் பத்து சென்டிமீட்டர், பாட்டில் ஐந்து. கரும்பலகையில் இரண்டு வட்டங்களை வரைந்தோம். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. ஆகவே தண்ணீரின் உயரமும் நான்கு மடங்கு. நாற்பதை நான்கால் வகுத்தால் பத்து. அவன் பொய் சொல்லவில்லை. சொல்லப்போனால் வகுப்பிலேயே நுட்பமான கருவி அவனுடையதுதான். சிறு தூறலையும் அது நான்கு மடங்காகப் பெருக்கிக் காட்டிவிடும். கணக்கு டீச்சரும் வந்து நின்று பார்த்தார். அன்று மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை.

அந்த அளவுகளை நோட்டில் எழுதி வந்தோம். ஒரு நாளுக்கு ஒரு வரி. ஜூன், ஜூலைப் பக்கங்களில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று இறங்கிக்கொண்டே போகும். சின்னப் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். பூஜ்யமும் ஓர் அளவுதான், அதையும் எழுத வேண்டும் என்பேன். 2.5 மில்லிமீட்டர் சேர்ந்தால்தான் வானிலைத் துறையின் கணக்கில் அது மழை நாள். அந்த நாளைச் சிவப்பு மையில் எழுதுவோம். வானிலை என்றால் என்ன என்று கேட்டால் நோட்டில் ஒரு வரியைக் காட்டுவேன். காலநிலை என்றால் என்ன என்று கேட்டால் அலமாரியில் அடுக்கியிருக்கும் நோட்டுகளைக் காட்டுவேன். முப்பது ஆண்டுச் சராசரியைத்தான் உலக அளவில் காலநிலை என்று கணக்கிடுகிறார்கள். எங்களிடம் இருபத்தெட்டு நோட்டுகள் இருந்தன. நான் ஓய்வு பெற்று வந்த பிறகு, அறையைக் காலி செய்தபோது பழைய விடைத்தாள்களோடு அவையும் எடைக்குப் போய்விட்டன. செய்தி கேட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது கணக்கு என்று யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயற்கைத் தாவரம் என்றால் மனிதர் நடாமல் தானாக வளர்வது என்று சொல்லிக்கொடுக்கிறோம். 'நம் ஊர் இயற்கைத் தாவரங்கள் ஐந்து எழுதுக' என்று கேட்டால் பிள்ளைகள் சீமைக்கருவேலத்தை முதலில் எழுதுவார்கள். தானாகத்தானே முளைக்கிறது? அதுவோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பனையை எழுதுவார்கள், அது இந்த மண்ணின் மரம், ஆனால் தேரியோரத்துப் பனைகளில் பலவும் கொட்டை போட்டு வளர்த்தவை. முந்திரி போர்த்துகீசியரோடு பிரேசிலிலிருந்து வந்தது. இந்த ஊரின் வறட்சிக்காகவே பிறந்தாற்போல் நிற்கும் உடைமரத்தை எழுதும் பிள்ளை அபூர்வம், ஏனென்றால் அது இன்று அபூர்வமாகிவிட்டது. இதற்கெல்லாம் ஒற்றை மதிப்பெண் விடை கிடையாது. வகுப்பில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயங்கள்.

அதேபோல, தேரியைப் பாலைவனம் என்று எழுதினால் மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. பாலைவனத்துக்கு அது மிக அதிகம். பெய்த மழையை மணல் பிடித்து வைப்பதில்லை, உடனே கீழே விட்டுவிடுகிறது என்பதுதான் செய்தி. கீழே போன தண்ணீர் எங்கும் போய்விடவும் இல்லை. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். சுற்றிலும் செம்மணல், நடுவே சுனையும் நிழலும். தாவரத்தைத் தீர்மானிப்பது மழை மட்டும் அல்ல, மண்ணும்தான் என்பதை அந்த நிழலில் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குச் சொன்னால் போதும்.

2023 டிசம்பர் 17ஆம் தேதியை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட காற்றுச் சுழற்சியால் பகலும் இரவும் விடாமல் கொட்டியது. மாடியில் நான் வைத்திருந்த பாட்டில் 25 சென்டிமீட்டர் உயரம். இரண்டு முறை நிரம்பி, குறித்துக்கொண்டு கொட்டினேன். மூன்றாம் முறை இருட்டிலும் காற்றிலும் படியேறும் தைரியம் எனக்கு வரவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று பின்னால் தெரிந்தது. மாவட்டம் ஓராண்டு முழுவதும் காணும் மழையைக் காயல்பட்டினம் ஒரே நாளில் தாண்டிவிட்டது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ரயில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள்.

எச்சரிக்கை வராமல் இல்லை. ஆனால் 'அதி கனமழை' என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தாலும் 20 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு தண்ணீர் என்று மனக்கண்ணில் பார்க்க எத்தனை பேரால் முடியும்? ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு சென்ட் நிலம் சுமார் 40 சதுர மீட்டர். 95 சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு சென்ட்டின் மேலும் 38 ஆயிரம் லிட்டர். ஏழாம் வகுப்புக் கணக்குதான் இது. சிறு வயதில் ஒரு முறை அளந்து, பெருக்கிப் பார்த்த பிள்ளை வளர்ந்து எச்சரிக்கையைக் கேட்டால், வீட்டில் பெரியவர்களை உடனே மேட்டுக்கு அழைத்துப் போகும். அந்த மழைக்குப் பிறகு 'காலநிலை மாறிவிட்டது' என்று எல்லோரும் பேசினார்கள். ஒரு நாள் மழையை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. மாறவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதற்கும் நோட்டுகள்தான் வேண்டும்.

என் கோரிக்கை இதுதான். ஒரு காலத்தில் ஒரே திருநெல்வேலி மாவட்டமாக இருந்தது, 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனித்தனி மாவட்டங்களாயின. நிர்வாகத்துக்கு நல்லதுதான். ஆனால் மழைப் பட்டியலும் மூன்றாகப் பிரிந்துவிட்டது. மலை மேலுள்ள நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி ஒரு பக்கத்தில். குற்றாலச் சாரல் இன்னொரு பக்கத்தில். திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம் வேறொரு பதிப்பில். தூத்துக்குடிப் பதிப்பைப் படிக்கும் பிள்ளைக்கு ஆறு எங்கே நிரம்புகிறது என்பதே தெரிய வழியில்லை. மூன்று மாவட்ட அளவுகளையும் மேற்கிலிருந்து கிழக்காக, மலையில் தொடங்கிக் கடலில் முடியும்படி, ஒரே பட்டியலாக வெளியிடுங்கள். ஊத்தில் 80, அம்பாசமுத்திரத்தில் 6, திருச்செந்தூரில் 0 என்று ஒரு ஜூன் மாதக் காலையில் வரிசையாக வந்தால், மழை மறைவுப் பிரதேசத்துக்கு வேறு படம் வேண்டியதில்லை. பக்கத்தில் அந்த மாதத்தின் மொத்த அளவையும் வழக்கமான அளவையும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. இன்றைய மழையும் நெடுநாள் சராசரியும் அருகருகே நிற்கும். வானிலையும் காலநிலையும் அதுதானே? மாதம் ஒரு நாள், முதல் தேதி அன்றாவது, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதற்கு ஏற்றதாக இருக்கும்.

கல்வித் துறைக்கும் ஒரு வார்த்தை. நடுநிலைப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு மழைமானி தாருங்கள். அதைவிட முக்கியமாக, அந்த நோட்டைப் பள்ளியின் பதிவேடுகளில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். வருகைப் பதிவேட்டை யாரும் எடைக்குப் போடுவதில்லை.

பேத்தி இப்போது மாடியில் பாட்டில் வைத்திருக்கிறாள். நேற்று 4 மில்லிமீட்டர். சிவப்பு மையில் எழுதியாயிற்று. ஆற்றின் பட்டியல் வரத் தொடங்கினால் வெட்டி ஒட்டுவதற்கு வலப்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியை,
சாத்தான்குளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.